எட்டுப் பேருக்கான வீடு

லா சப்பல், பாரிஸ்
மார்ச் 14

அன்புள்ள அண்ணைக்கு,

பாரிசிலிருந்து உங்கள் தங்கச்சி றஜனி எழுதுகிறேன். இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். டென்மார்க்கில் நீங்கள் நாலு பேரும் சுகமாக இருப்பதை ஷிரோமி அண்ணி முகநூலில் போடும் படங்களைப் பார்த்து அறிந்துகொள்கிறேன். பொங்கல் படத்தில் நீங்கள் கொஞ்சம் மெலிந்திருக்கிறீர்கள். ஆள் வடிவாகத்தான் இருக்கிறீர்கள், ஆனாலும் அண்ணியிடம் சொல்லி இரண்டு அகப்பை சோறு கூடப் போடச் சொல்லுங்கள்.

ஆறு வருஷம் கதைக்காதவள் இப்போது கடிதம் போடுகிறாளே என்று உறையை மூடியபடி மேசையில் போட்டுவிட வேண்டாம். இதில் சண்டைக் கதை ஒரு பக்கத்துக்கு மேல் வராது. மிச்சம் முழுக்க நல்ல செய்தி.

நல்ல செய்தி என்னவென்றால், நாங்கள் விடுமுறைக்குப் போகிறோம். இருபத்திரண்டு வருஷம் பிரான்சில் இருந்தும் விடுமுறைக்கென்று ஒரு நாளும் எங்கும் போனதில்லை. எங்கள் ஆட்களின் சீர் உங்களுக்குத் தெரியும்தானே. நாடு தாண்டிப் போவதென்றால் யாராவது கலியாணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கண்ணை மூட வேண்டும். நான் லண்டனுக்குப் பதினொரு தரம் போயிருக்கிறேன். பதினொரு தரமும் பார்த்தது மண்டபம்தான்.

இது மிருணாளினியின் வேலை. யூனில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. மண்டபம் எடுத்துச் செய்வோம் என்று இவர் சொன்னார். அவள் பிரெஞ்சில் ஒரு பிரசங்கம் வைத்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவளிடமிருந்து பிரெஞ்சில்தான் பதில் வரும், அதற்கு இப்போது வீட்டில் யாரும் கோபிப்பதில்லை. முந்நூறு பேருக்குச் சிரித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது, எனக்கு எட்டுப் பேர் போதும் என்றாள். அது யார் எட்டுப் பேர் என்று கேட்டேன். விரல் மடக்கி எண்ணிக் காட்டினாள். எங்கள் வீட்டில் நாலு, உங்கள் வீட்டில் நாலு.

பரீட்சையில் சித்தியடைந்தால் செப்தெம்பரில் அவள் லியோனுக்குப் படிக்கப் போய்விடுவாள். சித்தியடைவாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாரும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிற காலம் இந்தக் கோடையோடு சரி. அதைத்தான் அவளும் மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறாள்.

இனி இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒல்லாந்தில், ஸ்வொல்ல என்ற ஊருக்குக் கிட்ட, மரங்களுக்குள்ளே வரிசையாகச் சின்ன வீடுகள் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். பக்கத்தில் ஒரு ஏரி. கூரை போட்ட நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. மழை பெய்தாலும் பிள்ளைகள் வழுக்கி விளையாடலாம், அதற்குத் தனிக் காசு இல்லை. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஆடும் கழுதையும் நிற்கிற வளவு ஒன்றும் உண்டு. எங்கள் சின்னவன் ஆரூரன் படத்தைப் பார்த்தே கழுதைக்குப் பெயர் வைத்துவிட்டான். அது அவனுடைய கணித வாத்தியாரின் பெயர் என்பதால் இங்கே எழுதவில்லை.

செலவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நானும் மிருணாவும் மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து பார்த்தோம். வெள்ளி முதல் திங்கள் வரை எடுத்தால் கொள்ளை விலை. திங்கள் முதல் வெள்ளி வரை என்றால் நன்றாக இறங்குகிறது, ஒரு இரவும் கூடக் கிடைக்கிறது. யூலை முதற்கிழமையோடு எங்கள் பள்ளிக்கூடங்கள் பூட்டிவிடும், உங்களுடையவை அதற்கு முதலே பூட்டிவிடும். ஒல்லாந்தில் மட்டும் எல்லாப் பகுதிக்கும் ஒரே நாளில் விடுமுறை விடுவதில்லையாம், பாதிப் பிள்ளைகள் அப்போதும் வகுப்பில் இருப்பார்கள். அந்தக் கிழமையைப் பிடித்தோம். புது வீடு எடுக்காமல் பழைய வீடாக எடுத்தோம். புதியதில் பாத்திரம் கழுவுகிற மெசின் இருக்கிறதாம். எங்களிடம் இவர் இருக்கிறார். உணவகத்தில் பாத்திரத்தில் தொடங்கி இப்போது அடுப்புக்கு வந்துவிட்டாலும், மனுசனுக்குக் கை மறக்கவில்லை. கட்டில் விரிப்பும் துவாயும் இங்கேயிருந்து கொண்டுபோவோம். சமையல் எங்களுடையது. எல்லாம் சேர்த்து, ஒரு மண்டபத்தின் அரை நாள் வாடகைகூட வரவில்லை.

ஆனால் எனக்கு இதில் பிடித்தது விலை இல்லை, அண்ணை. அது உங்கள் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. உங்களுக்கும் ஆறேழு மணித்தியால ஓட்டம், எங்களுக்கும் அவ்வளவுதான். யார் முதலில் யாருடைய படி ஏறினது, யார் இறங்கி வந்தது என்ற கதை அங்கே எடுபடாது. மூன்று மணிக்கு வீட்டுத் திறப்பைக் கையில் தருவார்கள். இரண்டு காரும் வந்தபிறகு எல்லாரும் ஒன்றாக உள்ளே போவோம். முந்தி வந்தவர்கள் வெளியில் நின்று காற்று வாங்கட்டும்.

இனிச் சண்டைக் கதை. ஆறு வருஷத்துக்கு முன் மிருணா பெரியபிள்ளையானபோது அவளின் சாமத்தியவீட்டு அட்டையை நான்தான் செய்தேன். ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்து அச்சுக் கடையில் பதினாலு வருஷமாக ஊரிலுள்ளவர்களின் கலியாணத்துக்கெல்லாம் அட்டை அடிக்கிறவள் நான். என் மகளின் அட்டையை வேறு யார் செய்வது? மேலே தாமரை வைத்து, கீழே அழைப்பவர்கள் வரிசையில் தாய்மாமன் தவரத்தினம் என்று உங்கள் பெயரைத் தங்க எழுத்தில் போட்டேன். பிறகு இருநூற்று நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே அமத்தலில் அனுப்பினேன். அந்த இருநூற்று நாற்பதில் உங்கள் இலக்கமும் இருந்தது. அன்புடையீர் என்று தொடங்குகிற அட்டை விடிய ஐந்து மணிக்கு உங்கள் போனில் வந்து விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் உங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

அழைக்கிறவரை யார் அழைப்பது என்று நான் நினைத்தேன். நீங்கள் வீட்டு ஆள், தேங்காய் உடைக்கிற கை உங்களுடையது, உங்களுக்கு என்ன அழைப்பு என்று நினைத்தேன். ஊராருக்கு அனுப்பினதையே எனக்கும் அனுப்பினாள், அண்ணை வாங்கோ என்று வாய் திறந்து கேட்கவில்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். நீங்கள் வரவில்லை. மேடையில் உங்கள் கதிரை முழு நாளும் வெறுமையாக இருந்தது. இவரின் சித்தப்பா மகன் பொன்னம்பலத்தைப் பிடித்துத் தேங்காய் உடைக்க வைத்தோம். அது நாலு துண்டாகப் போய் ஒரு துண்டு ஐயருடைய காலடியில் விழுந்தது. மண்டபமே சிரித்தது. நான் அழுததை வீடியோக்காரர் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பிழை முழுக்க என்னில் என்று எழுதமாட்டேன். பாதியை நான் எடுக்கிறேன், பாதி உங்களிடம் இருக்கட்டும்.

அதனால்தான் இதைப் போனில் தட்டாமல், தாளில் எழுதி முத்திரை ஒட்டுகிறேன். இது இருநூற்று நாற்பது பேருக்குப் போகவில்லை. உங்களுக்கு மட்டும்தான் வருகிறது.

வேலை எல்லாம் முடிந்துவிட்டது. யூலை ஆறு திங்கள் முதல் பத்து வெள்ளி வரை வீட்டைப் பதிந்து முன்பணம் கட்டியாயிற்று. இவர் உணவகத்து முதலாளி பட்றோனிடம் கொன்ஜே தாளை, அதுதான் லீவுத் தாளை, கொடுத்துவிட்டார். தங்குகிறவர்களின் பெயரும் பிறந்த திகதியும் கேட்டிருந்தார்கள். எட்டுப் பேருடையதையும் எழுதி அனுப்பிவிட்டேன். உங்கள் திகதி எனக்குப் பாடம், அண்ணியினது முகநூலில் இருந்தது, பெடியன்கள் இருவரினதையும் மிருணா கண்டுபிடித்தாள். நீங்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, காரில் ஏறினால் சரி. மிருணாவின் பரீட்சை முடிவும் அந்தக் கிழமைதான் வரும். முதலில் மாமாவின் காதில் விழட்டும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் வலிக்கு நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசுகிறீர்களா, விட்டுவிட்டீர்களா? யூலையில் நேரில் பார்த்து ஏசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே தங்கச்சி
றஜனி


லா சப்பல், பாரிஸ்
ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். என் முதல் கடிதம் கிடைத்ததென்று அறிந்தேன். நீங்கள் சொல்லி அறியவில்லை, ஷிரோமி அண்ணி போன் எடுத்துச் சொன்னார். அவரை ஏச வேண்டாம். அவர் எடுத்திராவிட்டால் நான் இப்போதும் தபால்காரரைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தீர்களாம். பிறகு மடித்துக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்தீர்களாம். ஒரு கிழமை கழித்து எடுத்து மூன்றாம் தரமும் வாசித்துவிட்டு, இந்த முறையும் என்னைக் கேக்காமல் பேரைப் போட்டிட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியில் போய்க் காரைக் கழுவினீர்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். வீடு தேடி, விலை பார்த்து, திகதி பொருத்தி, முத்திரையும் ஒட்டி அனுப்பினேனே, இந்த மனுசனுக்கு இன்னும் என்னதான் வேணும் என்று அன்று பின்னேரம் முழுக்கப் புறுபுறுத்தேன். இவர் பாத்திரம் கழுவினார். மிருணாதான் தன் அறையிலிருந்து வந்து, நீங்கள் மாமாவைக் கேட்கவில்லை, மாமாவுக்கு அறிவித்திருக்கிறீர்கள் என்று சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தால் நல்ல பேச்சு வாங்கியிருப்பாள். பிரெஞ்சில் சொன்னபடியால் விளங்காதது போல இருந்துவிட்டேன்.

மறுநாள் கூசேன்வில்லிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். மகளுக்குக் கலியாணம், அட்டை அடிக்க வேண்டும். அழைப்பவர்கள் வரிசையில் கனடாவில் இருக்கிற தம்பியின் பெயரையும் போடச் சொன்னார். நான் கணினியிலிருந்து நிமிராமலே, தம்பியைக் கேட்டனீங்களோ என்று கேட்டேன். ஆறு வருஷமாக வருகிற எல்லாரிடமும் இதைத்தான் கேட்கிறேன். தாய்மாமன், பெரியப்பா என்றால் அட்டையோடு நேரில் போங்கோ, ஏலாவிட்டால் குரலாலே சொல்லுங்கோ, படத்தை அனுப்பிப்போட்டுச் சும்மா இருக்காதேங்கோ என்று பாடம் நடத்துகிறதும் நான்தான். றஜனி அட்டை விக்கிறாவோ புத்தி விக்கிறாவோ என்று எங்கள் கடைப் பட்றோன் பகிடி விடுவார். அந்த அம்மா சொன்னார், அவன் என்ரை தம்பிதானே, அவனை என்னத்துக்குக் கேக்கிறது?

அது என் வாயிலிருந்து வந்த சொல் போலவே இருந்தது, அண்ணை. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று மட்டும் கேட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் அந்த ஒல்லாந்து வீட்டுப் பதிவைத் திறந்து, உங்கள் நாலு பேரின் பெயரையும் அழித்தேன். யூன் இருபதாம் திகதிவரை திருத்தலாமாம். இப்போது அதில் நாலு வரி வெறுமையாகக் கிடக்கிறது. நாலு பேர் என்றால் இதைவிட மலிவான சின்ன வீடு இருக்கிறது, மாற்றித் தரவா என்று அந்த இணையத்தளம் கேட்டது. வேண்டாம் என்றேன். இன்னொரு தரமும் கேட்டது. இன்னொரு தரமும் வேண்டாம் என்றேன். எட்டுக் கட்டில் வீடு எட்டுக் கட்டில் வீடாகவே இருக்கிறது.

இன்னொன்றும் எனக்கு விளங்கியது. யாருடைய வீடும் இல்லாத வீடு என்று போன கடிதத்தில் பெரிதாக எழுதினேன். உண்மையில் உங்கள் படி ஏறப் பயந்துதான் நான் ஒல்லாந்தில் வீடு தேடியிருக்கிறேன். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் பேசாமல் நின்றால் என்ன செய்வேன் என்ற பயம். ஆறு வருஷமாக எனக்கு இருந்தது கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் பயம்தான்.

இப்போது அதற்கும் ஒரு வழி செய்துவிட்டேன். மே எட்டாம் திகதி வெள்ளி இங்கே விடுமுறை. எங்கள் கார் திரான்சியில் இவரின் சிநேகிதர் வீட்டு வளவில் நிற்கிறது, லா சப்பலில் அதை நிற்பாட்ட இடமேது. எண்ணெய் மாற்றி, சில்லுக்குக் காற்றடித்து வைத்தாயிற்று. விடிய வெளிக்கிட்டு, ஹம்பேர்க்கில் படுத்து எழும்பி, சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஹேர்னிங்கில் உங்கள் வாசலில் நிற்போம். நானும் இவரும் மட்டும்தான். பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறோம். பிள்ளைகளைக் காட்டி என்னை இளக வைத்தாள் என்று நீங்கள் பிறகு சொல்லக்கூடாது.

கையில் வெற்றிலை பாக்கும் ஒரு அட்டையும் இருக்கும். அட்டையை நானே அடித்தேன், ஒரேயொரு பிரதி. பட்றோன் அதற்குக் காசு வாங்கவில்லை, அச்சு மெசினுக்கு அவமானம் என்று மட்டும் சொன்னார். அதில் அழைப்பவர்கள் வரிசையில் உங்கள் பெயர் இல்லை. அழைக்கப்படுகிறவரின் இடத்தில் இருக்கிறது. அன்புடையீர் என்று தொடங்கவில்லை, அண்ணை என்று தொடங்குகிறது.

கதவைத் திறந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்புவோம். தேத்தண்ணி தந்தால் குடிப்போம், தராவிட்டால் காரில் போத்தல் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. கேட்டால்தானே மாட்டேன் என்று சொல்லலாம், அந்த வழியைக்கூட நான் இவ்வளவு காலம் உங்களுக்குத் தரவில்லை. கதவைத் திறக்காவிட்டால் அட்டையை உங்கள் தபால் பெட்டிக்குள் போடமாட்டேன். திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன். பெட்டிக்குள் போட்டால் அதுவும் அனுப்பினதாகிவிடும்.

அட்டையில் இல்லாத ஒரு சொல்லும் என்னிடம் இருக்கிறது. போன கடிதத்தில் பாதிப் பாதியாகப் பங்கு பிரித்தேனே, அந்தப் பங்கைப் பற்றின சொல். அதை இங்கே எழுதவில்லை. தபாலில் அனுப்புகிற சொல் இல்லை அது.

மற்றப்படி ஆயத்தம் எல்லாம் நடக்கிறது. இவர் மீனுக்கு ஐஸ் பெட்டி வாங்கிவிட்டார், பெட்டியைப் பார்த்தால் நாலு நாளுக்குப் போகிறோமா நாலு மாதத்துக்குப் போகிறோமா என்று தெரியவில்லை. மிருணா இரவு பகலாகப் படிக்கிறாள். நடுவில் வந்து, மாமா என்ன சொன்னார் என்று ஒரே கேள்வி கேட்பாள். அந்த ஒரு கேள்வி மட்டும் தமிழில் வரும்.

அந்த வீட்டுக் குசினியில் என்னென்ன இருக்கும் என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். எட்டுத் தட்டு, எட்டு முள்ளுக்கரண்டி, சீஸ் சீவ ஒரு கத்தி, முட்டைக்கென்று எட்டுக் குட்டிக் கிண்ணம். இவர்கள் என்னத்தைத்தான் சாப்பிடுகிறார்களோ தெரியாது. சோற்றுப் பானை நான் கொண்டுவருவேன். மிளகாய் வறுத்தால் புகை மணி அடிக்கும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார், அதனால் தூளை இங்கேயே வறுத்து இடித்துக் கட்டுகிறேன். தேங்காய் திருவுகிற திருவலை அந்தப் பட்டியலில் இல்லை. மேசையில் பூட்டுகிற மாதிரி ஒன்று வாங்கிவிட்டேன். தேங்காயும் லா சப்பலிலிருந்துதான் வரும், ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் குலுக்கி எடுப்பேன்.

உடைக்கத்தான் எங்களிடம் ஆள் இல்லை, அண்ணை. இவர் உடைத்தால் மூன்று துண்டு. பொன்னம்பலத்தின் கதை உங்களுக்குத் தெரியும். ஆறு வருஷமாக இந்த வீட்டில் ஒரு தேங்காய்கூடச் சரிபாதியாகப் பிளந்ததில்லை.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். நல்லூரானிடம் தினமும் அதைத்தான் கேட்கிறேன், உங்களோடு கதைக்காத நாட்களிலும் அதைத்தான் கேட்டேன். ஒல்லாந்துக்கு இரண்டு தேங்காய் எடுத்துவருவேன். நீங்கள் வரும்வரை அவற்றில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன்.

மே ஒன்பதாம் திகதி உங்கள் வாசலில் நிற்கப்போகும்
தங்கச்சி
றஜனி